ஜேர்னல் பதிவுக்குத் தனித்தனிப் படிவம்: ஈஆர்பிநெக்ஸ்டில் எப்படி அமைப்பது?

நெல்லியடி_லெட்ஜர் (கேள்வி)

வணக்கம். கட்டடப் பொருள் மொத்த வியாபாரம். பிரதான கடை யாழ்ப்பாணம் ரவுணில், கிளைகள் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும். கணக்குக்கும் இருப்புக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் எண்ட வியாபார மென்பொருளின் 15ஆம் பதிப்பு பாவிக்கிறோம். விற்பனை, கொள்வனவு, இருப்பு எல்லாம் ஒழுங்காகப் போகுது. பிரச்சினை மாதமுடிவு ஜேர்னலில்தான் (டெபிட், கிரெடிட் நேரடியாகப் போடுற பதிவு).

பதிகிறது இரண்டு பிள்ளைகள். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவை, டெபிட் கிரெடிட் தெரியாத ஆக்கள் இல்லை. ஆனால் ஜேர்னல் என்ட்ரியைத் திறந்தால் பல நாணயம், ஆரம்ப மீதி, முற்பணம், பார்ட்டி, புரொஜெக்ட் எண்டு தேவையில்லாத பெட்டிகள் வரிசையாக நிக்குது. கணக்கைத் தேடித் தெரிவு செய்யேக்கை பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதால் ‘சம்பளம்’ போட வேண்டிய இடத்தில் ‘சம்பளம் கொடுபட வேண்டியது’ விழுந்துவிடும். இரண்டு பக்கமும் சமன்படுகிறபடியால் மென்பொருளும் வாய் திறக்காது.

குறிப்பாக நாலு விசயம்:

1. சம்பளம், அட்டுறு மின்கட்டணம் (பாவித்தும் சிட்டை இன்னும் வராதது), முற்கொடுப்பனவுக் காப்புறுதி (முன்கூட்டியே கட்டியது), கிளைகளுக்கிடையிலான மாற்றம், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் மாதிரி வைக்கலாமோ? கணக்குகள் தானாக வர வேண்டும். பிள்ளைகள் தொகையை மட்டும் போட்டால் போதும்.

2. ஊழியர் சேமலாப நிதி கொடுபட வேண்டிய கணக்கைத் தெரிவு செய்தால் பார்ட்டி கேட்டு அடம்பிடிக்குது. யாரைப் போடுறது?

3. நெல்லியடிச் செலவு பிரதான கடையில் போய் விழுகுது.

4. சேதமான சீமெந்துப் பைகளை ஜேர்னலில் கழிக்கப் போனால் இருப்புக் கணக்கைத் தொட விடுகுது இல்லை.

படிவத்தின் தலைப்புகள் தமிழில் வந்தால் இன்னும் நல்லது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

பேரேட்டுப்_பூச்சி

சின்னதுகளை முதலில் முடிப்போம்.

பார்ட்டி கேட்பது: கணக்குப் பட்டியலில் அந்தக் கணக்கின் ‘அக்கவுண்ட் டைப்’ என்ன என்று பாருங்கள். ‘பேயபிள்’ என்று இருக்கும். பெயரில் கொடுபட வேண்டியது என்று இருப்பதால் அமைத்தவர் அதைத் தெரிவு செய்திருப்பார். இந்த மென்பொருளில் ‘பேயபிள்’, ‘ரிசீவபிள்’ இரண்டும் தனித்தனி ஆள் வாரியாக மீதி வைக்கும் கணக்குகளுக்கு உரியவை, அதாவது கடன்கொடுத்தோர், கடன்பட்டோர். சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, அட்டுறு மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டு, நடைமுறைப் பொறுப்புகளின் கீழ் வையுங்கள். பார்ட்டிக்காக ‘சேமலாப நிதி’ என்று ஒரு வழங்குநரை உருவாக்கிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு கடன்கொடுத்தோர் வயதுப் பட்டியலில் சீமெந்துக் கொம்பனியோடு சேமலாப நிதியும் சேர்ந்து நிற்கும். அந்த வழி வேண்டாம்.

இருப்புக் கணக்கு: தொடர்ச்சியான இருப்பு முறை இயங்கும்போது அந்தக் கணக்கை இருப்புப் பதிவுகள் மட்டுமே அசைக்கலாம். அது பிழை இல்லை, பாதுகாப்பு. ஜேர்னலில் தொகையைக் கழித்தால் பேரேட்டில் பெறுமதி குறையும், களஞ்சியத்தில் பைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். சேதத்துக்கு ‘ஸ்டொக் என்ட்ரி’யில் ‘மெட்டீரியல் இஷ்யூ’ போட்டு, வரியில் உள்ள வேறுபாட்டுக் கணக்காக ‘சேதமடைந்த சரக்கு’ செலவுக் கணக்கைக் கொடுங்கள். எண்ணிக்கையும் பெறுமதியும் ஒன்றாக இறங்கும்.

இனிப் படிவம். மூன்று அடுக்காக யோசியுங்கள்.

முதல் அடுக்கு, தேவையில்லாததை மறைத்தல். தேடல் பெட்டியில் ‘கஸ்டமைஸ் ஃபோர்ம்’ என்று அடித்து ‘ஜேர்னல் என்ட்ரி’யைத் தெரிவு செய்யுங்கள். நிலையான புலங்களை (பெட்டிகளை) அழிக்க முடியாது, ‘ஹிடன்’ போட்டு மறைக்கலாம். கட்டாயப் புலம் ஒன்றை மறைக்க வேண்டுமானால் அதற்கு இயல்புப் பெறுமதி கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமிக்க விடாது. வெளிநாட்டு நாணயக் கொடுக்கல் வாங்கல் இல்லையென்றால் ‘மல்டி கரன்சி’யை மறையுங்கள். மறக்காமல் மறைக்க வேண்டியது ‘மேக் டிபரன்ஸ் என்ட்ரி’ பொத்தான். இரண்டு பக்கமும் சமன்படாதபோது அதை அமுக்கினால் வித்தியாசத் தொகையோடு ஒரு புது வரி வரும். பிள்ளை அதற்கு ஏதாவது கணக்கைக் கொடுத்துவிடும். பிழையைக் காட்டித்தர வேண்டிய வித்தியாசம் அதோடு மறைந்துபோகும்.

வரிகள் இருக்கும் அட்டவணை தனி ஆவணம். அதன் பெயர் ‘ஜேர்னல் என்ட்ரி அக்கவுண்ட்’. பலர் மேல் படிவத்தை மட்டும் திருத்திவிட்டு அட்டவணை மாறவில்லை என்று தேடுவார்கள். அட்டவணையில் தெரியும் நிரல்களின் அகலம் மொத்தம் 10 பங்கைத் தாண்ட முடியாது. கணக்குக்கு 4, கொஸ்ட் சென்டருக்கு (செலவு எந்தக் கிளைக்குரியது என்று காட்டும் புலம்) 2, டெபிட் 2, கிரெடிட் 2 என்று கொடுத்தால் கணக்கின் பெயர் வெட்டுப்படாமல் தெரியும். நீங்கள் சொன்ன ‘சம்பளம்’ குழப்பத்தில் பாதி, பெயரின் பின்பாதி திரையில் தெரியாததால் வருவது. கணக்கு இலக்கத்தை முன்னால் சேர்த்தால் இன்னும் நல்லது: 5210 சம்பளம், 2130 கொடுபட வேண்டிய சம்பளம். இலக்கத்தால் தேடினால் பிழைப்பது குறைவு.

இரண்டாம் அடுக்கு, டெம்ப்ளேட். ‘ஜேர்னல் என்ட்ரி டெம்ப்ளேட்’டில் புதிதாக ஒன்று திறந்து, தலைப்பு, நிறுவனம், பதிவு வகை, இலக்கத் தொடர், கீழே கணக்குகளின் வரிசை, இவ்வளவையும் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு ஜேர்னலில் ‘ஃப்ரொம் டெம்ப்ளேட்’ பெட்டியில் அதைத் தெரிவு செய்தவுடன் கணக்குகள் அந்த வரிசையிலேயே வந்துவிடும். தொகைகள் வராது. மாதாமாதம் ஒரே தொகை போகும் பதிவுக்கு டெம்ப்ளேட் வேண்டாம், ‘ஓட்டோ ரிபீட்’ போதும். உதாரணம் முற்கொடுப்பனவுக் காப்புறுதி: ஒக்டோபர் 1இல் லொறிக் காப்புறுதிக்கு 12 மாதத்துக்கு ரூ. 96,000 கட்டினால், மாதம் ரூ. 8,000 காப்புறுதிச் செலவு டெபிட், முற்கொடுப்பனவு கிரெடிட். மார்ச் 31இல் முற்கொடுப்பனவில் ரூ. 48,000 மிஞ்சி நிற்க வேண்டும். முடிவுத் திகதியைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 13ஆம் மாதமும் பதிவு விழும், முற்கொடுப்பனவு கிரெடிட் மீதியாகத் திரும்பும். ‘சப்மிட் ஒன் கிரியேஷன்’ குறியை எடுத்துவிட்டால் வரைவாக நிற்கும், பார்த்துவிட்டு ஒப்புவிக்கலாம் (‘சப்மிட்’).

டெம்ப்ளேட்டில் வந்த கணக்கைப் பிள்ளைகள் மாற்றாமல் தடுக்கப் பலர் ‘பெர்ம் லெவல்’ (புலத்துக்கான அனுமதி மட்டம்) போடுவார்கள். அது கையைச் சுடும். எழுதும் அனுமதி இல்லாத மட்டத்தில் இருக்கும் புலத்தைச் சேமிக்கும் நேரத்தில் சேர்வர் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். புதுப் பதிவில் பழைய நிலை என்பது வெறுமை. டெம்ப்ளேட் கொண்டுவந்த கணக்கெல்லாம் காணாமல் போய், கணக்கு இல்லை என்ற பிழைச்செய்தி வரும். ஆகவே ‘ரீட் ஒன்லி டிபென்ட்ஸ் ஒன்’ பெட்டியில், மேல் படிவத்தில் டெம்ப்ளேட் தெரிவு செய்யப்பட்டிருந்தால் வாசிக்க மட்டும் என்று நிபந்தனை எழுதுங்கள்.

மூன்றாம் அடுக்கு, நீங்களே சேர்க்கும் புலங்கள். ஜேர்னலுக்கு நான் சிபாரிசு செய்வது மூன்றே மூன்று: எந்த மாதத்துக்குரியது, சான்றின் இலக்கம், சான்றின் படம் (‘அட்டாச்’ வகைப் புலம்). இதற்கு மேல் சேர்த்தால் திரும்பவும் பழைய காடுதான்.

இதில் ஒரு பொறி. இந்தப் புலங்களை எல்லா ஜேர்னலுக்கும் கட்டாயமாக்காதீர்கள். சொத்துகளின் பெறுமானத் தேய்வை மென்பொருள் தானே ஜேர்னலாகப் பதிகிறது. நாணயமாற்று வித்தியாசங்களும் அப்படித்தான். அவற்றுக்குச் சான்றின் படம் எங்கிருந்து வரும்? இரவில் ஓடும் தேய்வுப் பதிவு நின்றுவிடும், கவனிக்காவிட்டால் ஆண்டு முடிவில்தான் தெரியவரும். ‘மேண்டட்டரி டிபென்ட்ஸ் ஒன்’ இல் டெம்ப்ளேட் இருந்தால் மட்டும் கட்டாயம் என்று வையுங்கள். இது திரையில் மட்டுமே தடுக்கும், எக்செலிலிருந்து தரவு ஏற்றும்போது தடுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கிளைப் பிரச்சினைக்கு: புது வரி போட்டவுடன் நிறுவனத்தின் முதன்மை கொஸ்ட் சென்டர் தானாக வந்து உட்காரும். இலாப நட்டக் கணக்குகளுக்கு ஏதாவது ஒரு கொஸ்ட் சென்டர் இருந்தால் போதும் என்பதால் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். ஒரு பிள்ளை ஒரு கிளைக்கு மட்டும் பதிவதென்றால் ‘யூசர் பெர்மிஷன்’இல் அந்தக் கிளையின் கொஸ்ட் சென்டரைக் கொடுத்து ‘இஸ் டீஃபோல்ட்’ போடுங்கள். மூன்று கிளைக்கும் ஒரே ஆள் பதிவதென்றால், மேல் படிவத்தில் ‘கிளை’ என்று ஒரு புலம் சேர்த்து, அதை மாற்றியவுடன் கீழுள்ள எல்லா வரியிலும் நிரப்பும் சின்ன கிளையன்ட் ஸ்கிரிப்ட் (திரையில் ஓடும் நிரல்) எழுதலாம். நாலைந்து வரிதான். கிளைகளுக்கிடையிலான மாற்றத்துக்கு மட்டும் இந்த ஸ்கிரிப்ட் ஓடக்கூடாது, அங்கே ஒவ்வொரு வரிக்கும் வேறு கிளை.

சம்பளத்துக்கு இவற்றை விட்டுத் தனி ஆவண வகை ஒன்றை உருவாக்கி, மொத்தச் சம்பளத்தை மட்டும் கேட்டு, சேமலாப நிதியின் 8 (ஊழியர்), 12 (தொழில்தருநர்) வீதங்களையும் நம்பிக்கை நிதியின் 3 வீதத்தையும் தானே கணித்து ஜேர்னலைப் பிறப்பிக்கும்படி செய்யலாம். அதற்கு சேர்வர் ஸ்கிரிப்ட் (சேர்வரில் ஓடும் நிரல்) வேண்டும். 15ஆம் பதிப்பில் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும், சேர்வர் அமைப்பில்தான் திறக்க வேண்டும்.

---

சுன்னாகம்_ஓடிற்

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றோடு ஒத்துப்போகிறேன். கடைசிப் பந்தியோடு மட்டும் இல்லை. சம்பளப் படிவம் வீதத்தைத் தானே கணிக்கக்கூடாது.

சேமலாப நிதி ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணிக்கப்படுகிறது. சதங்களை ஆள் ஆளாக முழுமையாக்கிக் கூட்டிய தொகையும், மொத்தச் சம்பளத்தில் 20 வீதம் எடுத்த தொகையும் சில ரூபாய்களால் வித்தியாசப்படும். பணம் அனுப்புவது சி படிவத்தில் (சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பும் பங்களிப்புப் படிவம்) உள்ள தொகைப்படி. படிவம் வேறு தொகையைப் பதிந்தால் கொடுபட வேண்டிய கணக்கில் மாதம் ஒரு சில்லறை மிஞ்சி, வருட முடிவில் யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாத ஒரு மீதி நிற்கும். இரண்டாவது, எல்லாச் சம்பளத்துக்கும் நிதி இல்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு சேமலாப நிதிக்குரிய உழைப்பில் சேராது. வாழ்க்கைச் செலவுப் படி சேரும். ‘மொத்தச் சம்பளம்’ என்று ஒரே பெட்டி வைத்தால் இரண்டும் கலந்துவிடும்.

ஆகவே படிவம் தொகையைக் கேட்கட்டும், வீதத்தை *சரிபார்க்க* மட்டும் செய்யட்டும். ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம்.

நிதிக்குரிய சம்பளம் ரூ. 180,000. மேலதிக நேரம் ரூ. 24,000. சம்பள முற்பணத்தில் பிடித்தது ரூ. 20,000.

டெபிட்:
சம்பளம் 180,000
மேலதிக நேரக் கொடுப்பனவு 24,000
சேமலாப நிதி, தொழில்தருநர் பங்கு (12%) 21,600
நம்பிக்கை நிதி (3%) 5,400
கூட்டுத்தொகை 231,000

கிரெடிட்:
கொடுபட வேண்டிய சேமலாப நிதி (8% + 12%) 36,000
கொடுபட வேண்டிய நம்பிக்கை நிதி 5,400
ஊழியர் முற்பணம் 20,000
கொடுபட வேண்டிய சம்பளம் 169,600
கூட்டுத்தொகை 231,000

டெம்ப்ளேட்டில் இந்த எட்டு வரியும் இதே ஒழுங்கில் இருக்கட்டும். முற்பணம் இல்லாத மாதத்தில் அந்த வரியை அழித்துவிட வேண்டும், டெபிட் கிரெடிட் இரண்டும் பூச்சியமாக உள்ள வரியை மென்பொருள் ஏற்காது. யாருக்காவது வருமான வரி பிடிக்க வேண்டியிருந்தால் ஒன்பதாவது வரி, ஏபிஐடி கொடுபட வேண்டியது. அதை அடுத்த மாதம் 15க்குள் கட்ட வேண்டும். சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் அடுத்த மாதக் கடைசி வரை தவணை. மூன்றையும் ஒரே ‘சட்டரீதியான கழிவுகள்’ கணக்கில் போடுபவர்கள் உண்டு. எது கட்டியது, எது கட்டவில்லை என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது.

வழக்கமாகப் பிழைப்பது எங்கே என்று பார்த்தால்:

கையில் கொடுத்த 169,600ஐயே சம்பளச் செலவாக டெபிட் பண்ணுவது. ஊழியரிடம் பிடித்த 14,400உம் முற்பணத்தின் 20,000உம் செலவிலிருந்து காணாமல் போகும். முற்பணக் கணக்கு குறையாமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

சேமலாப நிதிக்குக் காசோலை எழுதும்போது 36,000 முழுவதையும் செலவில் போடுவது. ஊழியரின் 14,400 ஏற்கெனவே 180,000க்குள் இருக்கிறது, இரண்டு தரம் செலவாகிவிடும்.

மேலதிக நேரத்தையும் சேர்த்து 204,000இல் நிதி கணிப்பது. சேமலாப நிதி 40,800, நம்பிக்கை நிதி 6,120 என்று வரும். 4,800உம் 720உம் மேலதிகமாகப் போகும்.

படிவத்தில் சரிபார்ப்பு எச்சரிக்கை ஒன்று வையுங்கள்: கொடுபட வேண்டிய சேமலாப நிதியை நிதிக்குரிய சம்பளத்தால் வகுத்தால் 20 வீதத்திலிருந்து 0.1 வீதத்துக்கு மேல் விலகினால் மஞ்சள் செய்தி. தடுக்க வேண்டாம், சொன்னால் போதும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனால் படிவம் அமைக்கும்போதே தீர்மானிக்க வேண்டும்: வற் வரியையும் வங்கியையும் ஜேர்னல் படிவத்துக்குள் கொண்டுவராதீர்கள். வற் 18 வீதம் உள்ள சிட்டை ஒன்றை ஜேர்னலில் பதிந்தால் பேரேட்டு மீதி சரியாகத்தான் இருக்கும். ஆனால் வரி விபரத்திரட்டுக்கு வழங்குநரின் வரி இலக்கம், சிட்டை இலக்கம், திகதி வேண்டும். அவை கொள்வனவுச் சிட்டையிலிருந்துதான் அறிக்கைக்கு வரும். ஜேர்னலில் போட்டது பட்டியலில் இராது, பேரேடும் திரட்டும் ஒத்துப்போகாது. தொலைபேசிக் கட்டணமானாலும் கொள்வனவுச் சிட்டையாகவே போடச் சொல்லுங்கள். அதேபோல் காசோலை எழுதினால் ‘பேமென்ட் என்ட்ரி’. தவிர்க்க முடியாமல் ஜேர்னலில் வங்கி வந்தால் பதிவு வகை ‘பாங்க் என்ட்ரி’யாக இருக்கட்டும், அது காசோலை இலக்கமும் திகதியும் இல்லாமல் ஒப்புவிக்க விடாது. வங்கி இணக்கக்கூற்று செய்யும்போது அந்த இலக்கம்தான் கைகொடுக்கும்.

---

கோண்டாவில்_டாலி

நாங்கள் பாவிக்கிறது டாலிபிரைம் எண்ட கணக்கு மென்பொருள். கேட்டது ஈஆர்பிநெக்ஸ்ட் எண்டாலும், தேடி வாற ஆக்களுக்கு உதவும் எண்டு சொல்லுறன்.

‘கிரியேட்’ போய் ‘வவுச்சர் டைப்’. பெயர் ‘சம்பள ஜேர்னல்’, வகை ஜேர்னல். இலக்கமிடல் ‘ஓட்டோமெட்டிக்’ போட்டு, முன்னொட்டும் வருடத் தொடக்கமும் ஏப்ரல் 1 எண்டு குடுத்தால் ஒவ்வொரு வருசமும் 1இல் இருந்து துவங்கும். ‘ஒவ்வொரு லெட்ஜருக்கும் விவரணம்’ எண்ட தெரிவையும் திறந்து விடுங்கோ. ‘ஒப்ஷனல்’ ஆக இயல்பில் வைச்சால் பிள்ளைகள் போடுறது பேரேட்டைத் தொடாது, நீங்கள் பார்த்து வழமையான வவுச்சராக மாத்தினால்தான் விழும்.

கணக்குகள் தானாக வர வேணும் எண்டால் போன மாத வவுச்சரை டே புக்கில் நிண்டு ஓல்ட்+2 அடிச்சுப் பிரதி எடுக்கிறதுதான் லேசான வழி. திகதியை மாத்த மறக்கிறதுதான் இதில் வாற ஒரே வில்லங்கம். கொன்ட்ரோல்+ஆர் அடிச்சால் அதே வகை வவுச்சரில் முன்னம் எழுதின விவரணம் வரும், அதிலையும் பழைய மாதத்தின்ரை பெயர் இருக்கும், கவனம்.

ஜேர்னலில் காசு, வங்கி லெட்ஜர் பட்டியலில் வரேல்லை எண்டு சிலர் கேக்கினம். எஃப்12இல் திறக்கலாம். திறக்காதேங்கோ. ஓடிற் அண்ணை மேலை சொன்ன காரணம்தான்.

---

நெல்லியடி_லெட்ஜர்

எல்லாருக்கும் நன்றி. அக்கவுண்ட் டைப்பை வெறுமையாக்கினவுடன் சேமலாப நிதி பிரச்சினை தீர்ந்துது. ஏற்கெனவே பதிவுகள் உள்ள கணக்கிலும் மாற்ற விட்டது. டெம்ப்ளேட்டும் கணக்குகளைக் கொண்டு வருகுது.

இரண்டு புதுக் கேள்வி. ஒரே மாதச் சம்பளத்தை இரண்டு தரம் பதியாமல் இருக்க ‘மாதம்’ புலத்துக்கு ‘யுனிக்’ (ஒரே பெறுமதி இரண்டு தரம் வராமல் தடுப்பது) போட்டேன், உள்ளே 2025-06-நெல்லியடி எண்டு எழுதுவது. நல்லாக வேலை செய்தது. பிழையான ஒன்றை இரத்துச் செய்து திருத்தப் போனால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ எண்டு மறுக்குது. மற்றது, வவுச்சரை பிடிஎஃப் எடுத்தால் தமிழெல்லாம் சதுரம் சதுரமாக வருகுது. திரையில் சரியாக இருக்குது.

---

பேரேட்டுப்_பூச்சி

முதலாவதற்குக் காரணம்: இரத்துச் செய்த பதிவு அழிக்கப்படுவதில்லை. அதே அட்டவணையில் இரத்து நிலையோடு இருக்கும். ‘யுனிக்’ தரவுத்தளத்தில் போடும் தடை, அதற்கு இரத்து நிலை தெரியாது. திருத்திய பிரதி அதே மாதத்தைச் சுமந்து வந்து மோதுகிறது. ‘யுனிக்’கை எடுத்துவிட்டு, சேமிக்க முன்னர் சரிபார்க்கும் ‘வாலிடேட்’ நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று போடுங்கள்: அதே மாதம், அதே கிளை, அதே டெம்ப்ளேட், இரத்துச் செய்யப்படாத வேறு பதிவு இருந்தால் நிறுத்து. வரைவுகளையும் சேர்த்துத் தேட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு வரைவு வைத்திருந்து, ஒப்புவிக்கும்போதுதான் முட்டும். மாதத்தையும் கிளையையும் ஒரே பெட்டியில் எழுத விடாதீர்கள். ஒருவர் ‘06’ என்பார், மற்றவர் ‘ஜூன்’ என்பார். மாதத்துக்குத் திகதிப் புலம் வைத்து எப்போதும் மாதத்தின் 1ஆம் திகதியாக மாற்றிவிடுங்கள், கிளை தனித் தெரிவுப் பட்டியல்.

ஸ்கிரிப்ட் எழுத ஆள் இல்லையென்றால் மாதம், கிளை, டெம்ப்ளேட் நிரல்களைப் பட்டியல் பார்வையில் காட்டி, ஒப்புவிப்பவர் வடிகட்டிப் பார்ப்பது போதும். மூன்று கிளைக்கு அது பெரிய வேலை இல்லை.

சதுரங்கள்: பிடிஎஃப் சேர்வரில்தான் தயாராகிறது, உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு அதற்கு உதவாது. சேர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் நிறுவி, அச்சு வடிவத்தின் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை அமைக்கும் பகுதி) அதன் பெயரை முதலாவதாகக் கொடுங்கள். இன்னொரு பக்கமாகவும் பாருங்கள்: யாராவது பாமினியில் (யுனிகோட் அல்லாத பழைய எழுத்துரு) தட்டச்சுச் செய்து விவரணப் பெட்டியில் ஒட்டினால் சதுரம் வராது, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். அதை எந்த எழுத்துருவாலும் சரிசெய்ய முடியாது, தேடலிலும் அகப்படாது. யுனிகோடில் அடிக்கப் பழக்க வேண்டும்.

தலைப்புகளைத் தமிழாக்க ‘கஸ்டமைஸ் ஃபோர்ம்’இல் லேபிளையே தமிழில் மாற்றலாம். ஆனால் உங்கள் கணக்காய்வாளர் ஆங்கிலத்தில் பார்க்க விரும்பினால் அவருக்கும் தமிழ்தான் வரும். ‘டிரான்ஸ்லேஷன்’ ஆவணத்தில் மூலச் சொல், தமிழ்ச் சொல் என்று பதிந்து, பிள்ளைகளின் பயனர் மொழியைத் தமிழ் ஆக்கினால் அவரவருக்கு அவரவர் மொழி. ‘டெபிட்’, ‘கிரெடிட்’ இரண்டையும் தொடாமல் விடுங்கள். இங்கே படித்த பிள்ளைக்கு வரவு என்றால் டெபிட், இந்தியத் தமிழாக்கம் ஏதாவது மென்பொருளோடு வந்தால் தலைகீழாகிவிடும்.

---

சுன்னாகம்_ஓடிற்

அட்டுறு மின்கட்டணப் படிவத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதில் மீள்பதிவுதான் முக்கியம்.

மார்ச் சிட்டை ஏப்ரலில்தான் வரும். மார்ச் 31இல் மதிப்பீடாக ரூ. 38,500 மின்கட்டணம் டெபிட், அட்டுறு மின்கட்டணம் கிரெடிட். ஒப்புவித்த பதிவைத் திறந்தால் ‘ரிவேர்ஸ் ஜேர்னல் என்ட்ரி’ பொத்தான் இருக்கும். அதை அமுக்கி, திகதியை ஏப்ரல் 1 ஆக *நீங்களே* மாற்றி ஒப்புவியுங்கள். ஏப்ரல் நடுவில் ரூ. 39,260க்குச் சிட்டை வந்தால் வழமைபோல் கொள்வனவுச் சிட்டையாக முழுத் தொகையும் பதியலாம். ஏப்ரல் கணக்கில் மிஞ்சுவது 760 மட்டும், அதுவே மதிப்பீட்டுப் பிழை. திகதியை மாற்றாமல் மார்ச்சிலேயே திருப்பிப் போட்டால் அட்டுறு இருந்த சுவடே இராது. திருப்பிப் போட மறந்தால் மார்ச் கட்டணம் இரண்டு வருடத்திலும் செலவு.

மீள்பதிவுக்கு டெம்ப்ளேட் வைத்துக் கையால் எதிர்ப்பதிவு போடச் சொல்லாதீர்கள். பொத்தானால் போட்டால் எந்தப் பதிவின் மறுதலை என்பது தானாக இணைந்து வரும். நாங்கள் ஐந்தொகையில் அட்டுறுக் கணக்கைச் சோதிக்கும்போது முதலில் தேடுவது அந்த இணைப்பைத்தான்.

அனுமதிகளில்: பதியும் பிள்ளைகளுக்கு ‘கிரியேட்’, ‘ரைட்’ இரண்டும், ‘சப்மிட்’, ‘கான்சல்’ இல்லை. மாதம் முடிந்து வங்கி இணக்கமும் வற் திரட்டும் சரி என்றவுடன் ‘அக்கவுண்ட்ஸ் செட்டிங்ஸ்’இல் ‘அக்கவுண்ட்ஸ் ஃப்ரோஸன் டில் டேட்’ பெட்டியில் அந்த மாதத்தின் கடைசித் திகதியைப் போடுங்கள். அதைத் தாண்டிப் பதியும் உரிமை ஒரே ஒரு பதவிக்கு. முதலாளிக்கு அந்த உரிமை வேண்டாம். கேட்டால் கணக்காய்வாளர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

---

நெல்லியடி_லெட்ஜர்

எழுத்துரு நிறுவினபிறகு தமிழ் சரியாக வருகுது. ‘யுனிக்’கை எடுத்தாச்சு. முடக்கும் திகதி போட்டால் ஓட்டோ ரிபீட் வரைவுகள் என்னாகும்? மே மாதத்துக்குரிய காப்புறுதி வரைவு ஒன்று ஒப்புவிக்காமல் நிக்குது.

---

சுன்னாகம்_ஓடிற்

வரைவு அப்படியே இருக்கும், ஒப்புவிக்கப் போனால்தான் மறுக்கும். முடக்க முன்னர் ஜேர்னல் பட்டியலில் நிலை ‘டிராஃப்ட்’, பதிவுத் திகதி அந்த மாதம் என்று வடிகட்டிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் முடக்கலாம். மேயில் நிற்கும் 8,000ஐ மே முடக்க முன்னர் ஒப்புவியுங்கள். முடக்கியாயிற்று என்றால் திகதியை ஜூனுக்கு மாற்றி, விவரணத்தில் மே மாதத்துக்குரியது என்று எழுதி ஒப்புவியுங்கள், ஆண்டுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மார்ச் வரைவு என்றால் மட்டும் பூட்டைத் திறந்து மார்ச்சிலேயே போட வேண்டும்.